வேலையை விட்ட பிறகு வராத சம்பளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையை விட்டு வந்தாயிற்று, கடைசி மாதச் சம்பளமும் செட்டில்மென்ட்டும் மட்டும் வந்தபாடில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை; எடுத்தால் "அடுத்த வாரம் பார்க்கலாம்". இப்படி அலைகிறவர்களுக்காகவே இந்தப் பக்கம். தமிழ்நாட்டில் கடை, ஆலை, ஆஸ்பத்திரி, ஐ.டி. கம்பெனி, ஒப்பந்த வேலை என்று தனியார் துறையில் உழைத்தவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

சட்டம் அண்மையில் மாறியிருக்கிறது, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் இவற்றின் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 என்ற ஒரே சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. கீழே "புதிய சட்டம்" என்று சொல்வதெல்லாம் இதைத்தான். புதிய விதிகள் முழுமையாக வரும்வரை, அதோடு முரண்படாத பழைய விதிகள் தொடரும்.

ராஜினாமா செய்து முறையாக வெளியே வந்தேன். பாக்கிச் சம்பளத்தை எத்தனை நாளில் தர வேண்டும்?

இரண்டு வேலை நாள். புதிய சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நீங்களாக விலகினாலும், அவர்களாக நிறுத்தினாலும், ஆட்குறைப்பு என்றாலும், நிறுவனம் மூடப்பட்டாலும் கணக்கு ஒன்றுதான். பழைய சட்டத்தில் இந்த இரண்டு நாள் கெடு முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் மட்டும்தான் இருந்தது. தானாக விலகியவர்களுக்கும் இப்போது அது கிடைத்திருக்கிறது. இது பெரிய மாற்றம், பலருக்கும் இன்னும் தெரியவில்லை.

"செட்டில்மென்ட்டுக்கு 45 நாள் ஆகும், அது கம்பெனி பாலிசி" என்கிறார்களே?

பாலிசி சட்டத்துக்கு மேலே போக முடியாது. நீங்கள் உழைத்த நாட்களுக்கான ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தந்தே ஆக வேண்டும். போனஸ், கிராஜுவிட்டி போன்றவற்றுக்கு வேறு கெடு உண்டு என்பதால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி "செட்டில்மென்ட்" என்று பேர் வைத்து, சம்பளத்தையும் சேர்த்துத் தள்ளிப்போடுவது பழகிப்போன வழி. அதனால் ஹெச்.ஆருக்கு எழுதும்போது "செட்டில்மென்ட் எப்போது?" என்று கேட்காதீர்கள். "ஜூன் 1 முதல் 18 வரையான ஊதியம் எங்கே?" என்று கேளுங்கள். கேள்வி குறிப்பாக இருந்தால் மழுப்ப இடம் குறையும்.

எனக்கு மொத்தம் எவ்வளவு வர வேண்டும்? எப்படிக் கணக்குப் போடுவது?

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கடைசி மாதச் சம்பளத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் வேலை பார்த்த நாட்களின் சம்பளம். மாதம் 26,000 ரூபாய் வாங்கியவர் ஜூன் 18ஆம் தேதியோடு நின்றால், 26,000-ஐ 30-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்க வேண்டும்: 15,600 ரூபாய். முந்தைய மாதங்களில் பிடித்து வைத்தது, ஓவர்டைம், எழுத்தில் உறுதி சொன்ன இன்சென்டிவ், நீங்கள் கைக்காசு போட்டுச் செய்த பயணச் செலவு எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஓவர்டைமுக்கு இரட்டிப்பு ஊதியம்.

அடுத்து, எடுக்காத விடுப்பு. ஆலைத் தொழிலாளிக்கு வேலை பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு சேரும். அதை எடுக்காமல் விலகினால் காசாகத் தர வேண்டும். அலுவலக வேலை என்றால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலோ விடுப்பு விதியிலோ என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது போனஸ். 20 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்தில், அந்தக் கணக்கு ஆண்டில் 30 நாளாவது வேலை பார்த்திருந்தால் உங்களுக்கும் பங்கு உண்டு. குறைந்தது 8.33 சதவீதம். பழைய சட்டப்படி மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய். நடுவில் விலகினால் போனஸ் கிடையாது என்று சொல்வது தவறு. தீபாவளிக்கு உள்ளே இருப்பவர்களுக்குக் கொடுக்கும்போது உங்களுக்கும் கணக்குப் போட்டுத் தர வேண்டும். கணக்கு ஆண்டு முடிந்து எட்டு மாதம் வரை அவர்களுக்கு அவகாசம் இருக்கிறது.

நான்காவது கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் நிறுவனத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலும் தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் நாலே முக்கால் வருடத்தில் விலகியவர்கள் "நமக்குக் கிடையாது" என்று விட்டுவிட வேண்டாம். குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு இப்போது ஒரு ஆண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு.

கணக்கு இதுதான்: கடைசி மாத ஊதியம் × 15 × வேலை பார்த்த ஆண்டுகள் ÷ 26. கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் போனால் அதை ஒரு முழு ஆண்டாக எடுக்க வேண்டும். இங்கே "ஊதியம்" என்றால் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும். ஆனால் பல கம்பெனிகள் 26,000 சம்பளத்தில் அடிப்படையை 10,000 என்று காட்டி, மீதி 16,000-ஐ வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று பிரித்துவிடுவார்கள். புதிய சட்டப்படி இந்தப் படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த மிச்சத்தை ஊதியத்தோடு சேர்க்க வேண்டும். அப்படியானால் இவரது ஊதியம் 13,000. ஐந்து ஆண்டுக்கு 13,000 × 15 × 5 ÷ 26 = 37,500 ரூபாய். வெறும் 10,000-ஐ வைத்துப் போட்டால் 28,846 தான் வரும். ஏறக்குறைய ஒன்பதாயிரம் வித்தியாசம். இதைத் தரக் கெடு 30 நாள். தாண்டினால் ஆண்டுக்கு 10 சதவீதம் தனிவட்டி கேட்கலாம்.

பி.எஃப். தனி. அது நிறுவனத்தின் கையில் இருக்கும் பணமில்லை. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

நோட்டீஸ் கொடுக்காமல் நின்றுவிட்டேன். சம்பளமே கிடையாது என்கிறார்கள்.

நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போனால் அதற்கு ஈடாக இத்தனை நாள் சம்பளம் என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருந்தால், அந்தத் தொகையை அவர்கள் கேட்பார்கள். அதை மறுத்து ரொம்ப தூரம் போக முடியாது. ஆனால் அதற்காக மொத்தத்தையும் விழுங்கிவிட முடியாது. ஒரு ஊதிய காலத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. நோட்டீஸ் எத்தனை நாள் குறைகிறது, அதற்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று எழுத்தில் கணக்குக் காட்டச் சொல்லுங்கள். போனஸ், விடுப்புச் சம்பளம், பணிக்கொடை எல்லாவற்றையும் "நோட்டீஸ் இல்லை" என்ற ஒரே காரணத்தில் கழித்துவிட்டால், கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இன்னொன்று. நோட்டீஸ் பணத்தோடு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தால் உடனே மறுத்து எழுதுங்கள். நோட்டீஸ் பணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் 3ஆம் தேதி சுற்றறிக்கையே விட்டிருக்கிறது.

ஸ்டாக் குறைகிறது, மெஷின் உடைந்தது, லேப்டாப் கீறல் என்று பிடித்துக்கொண்டார்கள். சரியா?

பொருள் உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், உங்கள் கவனக்குறைவால் நேரடியாக நஷ்டம் வந்திருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். பிடித்த தொகையும் நஷ்டத்தைத் தாண்டக்கூடாது. ஜவுளிக்கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் ஸ்டாக் குறைந்தால் அந்தத் தளத்தில் நின்ற எல்லோர் தலையிலும் பிரித்துப் போடுவார்களே, அது இந்த நிபந்தனைகளில் ஒன்றுக்குக்கூடப் பொருந்தாது. அபராதம் என்று போட்டாலும் அந்த ஊதிய காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது.

லேப்டாப், அடையாள அட்டை, சாவி, யூனிஃபார்ம் எதுவானாலும் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தோ மெயிலோ வாங்கிவிடுங்கள். சம்பளம் வரும்வரை பொருளைக் கொடுக்க மாட்டேன் என்று வைத்துக்கொள்வது வேண்டாம். அது உங்கள் மேல் போலீஸ் புகாராகத் திரும்பக்கூடும்.

"பாக்கி ஏதும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டால்தான் செக் தருவேன் என்கிறார்.

முடிந்தவரை போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே "ரூ. இவ்வளவு மட்டும் பெற்றுக்கொண்டேன், மீதித் தொகை குறித்த என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதித் தேதி போட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றுத்தாளிலும் தொகை எழுதாத வவுச்சரிலும் கையெழுத்துப் போடவே கூடாது.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். புதிய சட்டப்படி வர வேண்டிய தொகையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று 60ஆம் பிரிவு சொல்கிறது. வாங்காத பணத்தை வாங்கியதாக எழுதியிருந்தால்தான் சிக்கல். அப்போது பேங்க் ஸ்டேட்மென்ட்தான் உங்களுக்குச் சாட்சி.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது, பே ஸ்லிப் கிடையாது, சம்பளம் கையில்தான் வாங்கினேன். என்னால் கேட்க முடியுமா?

முடியும். பயந்து பின்வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இந்த நிலையில் இருப்பவர்கள்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஊதியம் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று புதிய சட்டத்தின் 59ஆம் பிரிவு சொல்கிறது. பதிவேடு வைப்பதும் ஊதியச் சீட்டுக் கொடுப்பதும் அவர் கடமை. அவர் கடமையைச் செய்யாததால் உங்கள் உரிமை போய்விடாது.

நீங்கள் காட்ட வேண்டியது, அங்கே வேலை பார்த்தீர்கள் என்பதைத்தான். அதற்குத் தேடினால் நிறையக் கிடைக்கும். "நாளைக்கு சீக்கிரம் வா" என்று ஓனர் அனுப்பிய வாட்ஸ்அப், ஷிஃப்ட் போட்ட குரூப் செய்தி, ஜி-பேயில் எப்போதோ வந்த அட்வான்ஸ், உங்கள் கையெழுத்துள்ள பில் அல்லது டெலிவரி சலான், இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். கணக்கு, அடையாள அட்டை, கடையில் எடுத்த ஆயுதபூஜை போட்டோ, உடன் வேலை பார்த்தவரின் வாக்குமூலம், பக்கத்துக் கடைக்காரரின் சாட்சி எல்லாமே உதவும். வருமான வரி பிடித்திருந்தால் 26ஏ.எஸ். படிவத்தில் நிறுவனத்தின் பெயரோடு பதிவாகியிருக்கும்.

வாட்ஸ்அப் செய்திகளைச் சேமிக்கும்போது தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், முழு உரையாடலையும் மெயிலுக்கு ஏற்றுமதி செய்யுங்கள், பழைய போனை விற்றுவிடாதீர்கள். வழக்கு நீதிமன்றம் போனால் மின்னணு ஆவணத்துக்குப் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்று தர வேண்டியிருக்கும். அலுவலக மெயிலை முடக்குவதற்கு முன்பே உங்கள் பே ஸ்லிப், நியமன ஆணை, ராஜினாமா மெயில், அதை ஏற்றுக்கொண்ட பதில் இவற்றைத் தனிப்பட்ட மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். கம்பெனியின் ரகசியத் தரவுகளைத் தொடாதீர்கள்.

சரி, முதல் வேலையாக என்ன செய்வது?

எழுதுங்கள். பத்துத் தடவை போன் செய்வதைவிட ஒரு கடிதம் மேல், ஏனென்றால் போனில் கேட்டதற்குத் தடயம் இருக்காது. மெயிலிலும் அனுப்புங்கள், தபாலிலும் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்டரில் ஒப்புகையோடு அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். கோபத்தைக் காட்டாமல், கணக்கை மட்டும் காட்டும் கடிதம் போதும். இப்படி எழுதலாம்:

> பொருள்: நிலுவை ஊதியம் கோருதல்
>
> ஐயா / அம்மா,
>
> நான் தங்கள் நிறுவனத்தில் ……… முதல் ……… வரை ……… ஆகப் பணிபுரிந்தேன். ……… அன்று ராஜினாமா கொடுத்து, ……… அன்று விடுவிக்கப்பட்டேன். பொருட்கள் அனைத்தையும் ……… அன்று ஒப்படைத்துவிட்டேன்.
>
> எனக்கு வர வேண்டியவை: ……… மாத ஊதியம் ரூ. ………; ……… நாள் விடுப்புக்கான ஊதியம் ரூ. ………, பயணச் செலவு ரூ. ………. மொத்தம் ரூ. ………
>
> ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-இன் 17ஆம் பிரிவுப்படி இந்த ஊதியம் இரண்டு வேலை நாட்களுக்குள் தரப்பட்டிருக்க வேண்டும். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தொகையை என் வங்கிக் கணக்கில் செலுத்தி, கணக்கு விவரத்தை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் 45ஆம் பிரிவின் கீழ் உரிய அதிகாரியிடம் இழப்பீட்டுடன் கோரிக்கை வைப்பேன்.

ஹெச்.ஆருக்கு மட்டும் அனுப்பினால் போதாது. முதலாளிக்கோ நிர்வாக இயக்குநருக்கோ முகவரியிட்டு, ஹெச்.ஆருக்கு நகல் வையுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் பதிவு அலுவலகத்தின் முகவரி கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கும். பணிக்கொடைக்குத் தனி விண்ணப்பம் கொடுங்கள், இதோடு கலக்க வேண்டாம்.

15 நாள் ஆயிற்று. பதிலே இல்லை.

தொழிலாளர் துறைக்குப் போங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கிறது. தலைமை அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில். வங்கி, ரயில்வே, துறைமுகம், விமான நிலையம் போன்ற இடங்களில், ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்திருந்தாலும், மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். சென்னையில் அது சாஸ்திரி பவனில் இருக்கிறது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் உதவி ஆணையர் அலுவலகத்திலேயே தொடங்குங்கள்.

மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்கத் தயங்கவே கூடாது. முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

அங்கே இரண்டு வழி திறக்கும். ஒன்று, ஆய்வாளர் முதலாளியை அழைத்துப் பேசுவது. சின்ன நிறுவனங்களில் பெரும்பாலும் நோட்டீஸ் போனதுமே பணம் நகரத் தொடங்கும். ஆய்வுக்கு வந்தால் மற்றப் பதிவேடுகளும் வெளியே வரும் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டாவது, 45ஆம் பிரிவின் கீழ் முறையான கோரிக்கை மனு. இதை நீங்களே போடலாம், நீங்கள் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கம் போடலாம், ஆய்வாளரும் போடலாம். அதிகாரி இரு தரப்பையும் விசாரித்து, பாக்கியோடு அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க அதிகாரம் உண்டு. மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தாக்கள் கூடும், அதற்குத் தயாராகப் போங்கள். ஒரு வாய்தாவைக்கூட விடாதீர்கள். நீங்கள் அலுத்துப்போய் வராமல் இருந்துவிடுவீர்கள் என்பதுதான் எதிர்த்தரப்பு நம்பியிருப்பது.

உத்தரவு வந்தும் தரவில்லை என்றால், வருவாய்த் துறை மூலம் வரிப் பாக்கி வசூலிப்பது போல் வசூலிக்க வழி இருக்கிறது. மனு கிடப்பில் கிடந்தால் முதல்வர் உதவி மைய எண் 1100-இலும், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் அந்த மனுவின் தேதியைக் குறிப்பிட்டு முறையிடுங்கள்.

நான் மேனேஜர். தொழிலாளர் அலுவலகம் என்னைச் சேர்த்துக்கொள்ளுமா?

ஊதியப் பாக்கியைப் பொறுத்தவரை, சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஊதியம் வழங்கல் சட்டத்தில் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்குத்தான் இடம் இருந்தது. புதிய சட்டத்தில் அந்த உச்சவரம்பு இல்லை. மேற்பார்வையாளர், நிர்வாகி, மேனேஜர், ஐ.டி. ஊழியர் எல்லோரும் "பணியாளர்" என்ற சொல்லுக்குள் வருகிறார்கள். வேலைநீக்கத்தையே எதிர்த்து வழக்குப் போடுவது வேறு விஷயம். அதற்கான சட்டத்தில் நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இடமில்லை.

எவ்வளவு காலத்துக்குள் மனு போட வேண்டும்?

புதிய சட்டப்படி மூன்று ஆண்டு. சிவில் நீதிமன்றத்தில் சம்பளப் பாக்கிக்கு வழக்குப் போடவும் மூன்று ஆண்டுதான். 2025 நவம்பர் 21-க்கு முந்தைய பாக்கி என்றால் பழைய 12 மாதக் கெடுவைக் காட்டி எதிர்த்தரப்பு வாதாடலாம்; தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொன்னால் அதிகாரி ஏற்கலாம். எப்படியானாலும் காத்திருக்காதீர்கள். ஆள் மாறும், அலுவலகம் மாறும், சாட்சி சொல்ல வேண்டியவர் ஊர் போய்விடுவார்.

ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்தேன். அவர் போனை ஆஃப் செய்துவிட்டார்.

வேலை யாருக்காக நடந்ததோ அந்த நிறுவனத்தைப் பிடியுங்கள். ஒப்பந்தக்காரர் ஊதியம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது, புதிய சட்டங்களிலும் தொடர்கிறது. அவர்கள் பிறகு ஒப்பந்தக்காரர் பில்லில் கழித்துக்கொள்ளலாம், அது அவர்கள் இருவருக்குள் உள்ள கணக்கு. மனுவில் ஒப்பந்தக்காரர், நிறுவனம் இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகப் போடுங்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலையிலும் பனியன் கம்பெனியிலும் இருப்பவர்களுக்கு இது அவசியம் தெரிய வேண்டும்; உங்களோடு வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லுங்கள். பத்துப் பேருக்கும் பாக்கி என்றால் பத்துப் பேரும் சேர்ந்து ஒரே மனுவாகவும் கொடுக்கலாம்.

சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்கள். பாஸ்புக்கில் ஏறவே இல்லை.

இது சம்பளப் பாக்கியைவிடக் கடுமையான குற்றம். ஊழியரிடம் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வதை நம்பிக்கை மோசடியாகவே கருத வேண்டும் என்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 316ஆம் பிரிவில் விளக்கம் இருக்கிறது. பி.எஃப். பிடித்தம் தெரியும் பே ஸ்லிப்பையும் பாஸ்புக் நகலையும் இணைத்து, பி.எஃப். அமைப்பின் குறைதீர் தளத்தில் யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணோடு புகார் கொடுங்கள்.

பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே உறுப்பினர் தளத்தில் பதிந்துவிடலாம்.

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் ரிலீவிங் லெட்டரையும் தராமல் மிரட்டுகிறார்கள்.

படிப்புச் சான்றிதழ் உங்கள் சொத்து, அதைப் பிணையாக வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் இதற்குப் போலீஸில் புகார் கொடுக்கலாம். ரிலீவிங் லெட்டருக்காகச் சம்பளத்தை விட்டுக்கொடுக்கும் பேரம் பேசினால் சம்மதிக்க வேண்டாம். ராஜினாமா மெயில், அதை ஏற்ற பதில், கடைசி மூன்று பே ஸ்லிப், பி.எஃப். பதிவு இருந்தால் பெரும்பாலான புதிய நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. புதிய இடத்தில் நிலைமையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சம்பளம் தராததற்குப் போலீஸில் புகார் கொடுக்கலாமா?

வெறும் பாக்கி என்றால் "இது சிவில் விவகாரம், லேபர் ஆபீஸ் போங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்தது, வேலைக்கென்று டெபாசிட் வாங்கினார்கள், அடித்தார்கள், பூட்டி வைத்தார்கள், சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள் என்றால் அது குற்ற வழக்கு. அதைத் தனியாகக் கொடுங்கள்.

கம்பெனி மூடிவிட்டது. திவால் என்கிறார்கள். அவ்வளவுதானா?

"திவால்" என்று வாயால் சொல்வது ஒன்று, தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் நடவடிக்கை தொடங்குவது வேறு. முதலில் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனியின் நிலையைப் பாருங்கள். இன்னும் செயலில் இருப்பதாகக் காட்டினால், மேலே சொன்ன வழியிலேயே போகலாம்.

நடவடிக்கை உண்மையிலேயே தொடங்கியிருந்தால் தீர்வு நிபுணர் ஒருவர் நியமிக்கப்பட்டு, பத்திரிகையில் அறிவிப்பு வரும். தொழிலாளர்களும் ஊழியர்களும் "படிவம் டி" நிரப்பி அவரிடம் கோரிக்கை கொடுக்க வேண்டும். அறிவிப்பில் உள்ள கெடு மிகக் குறுகியது, தவறவிடாதீர்கள். சொத்தை விற்றுப் பிரிக்கும் கட்டம் வந்தால், தொழிலாளர்களின் கடைசி 24 மாதப் பாக்கி, அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளுக்குச் சமமான வரிசையில் நிற்கும். மற்ற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி அதற்கு அடுத்து. பி.எஃப்., பணிக்கொடை நிதிகளில் உள்ள பணம் கடன்காரர்களுக்குப் போகும் சொத்தில் சேராது.

ஊழியராகிய நீங்களே திவால் மனு போடலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அதற்குப் பாக்கி குறைந்தது ஒரு கோடி ரூபாய் இருக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் வரம்பு உயர்த்தப்பட்டுவிட்டது.

வக்கீல் வைக்க வசதி இல்லை.

45ஆம் பிரிவு மனுவுக்கு வக்கீல் கட்டாயமில்லை. தேவைப்பட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமலேயே இலவச வக்கீல் கிடைக்கும். தொழிற்சங்க அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு இந்த மனுக்கள் தண்ணீர் பட்ட பாடு. உறுப்பினர் இல்லாதவர்களுக்கும் பல இடங்களில் வழி சொல்வார்கள். பாக்கி சிறிய தொகை என்றால் வக்கீல் நோட்டீஸுக்குச் செலவழிக்கும் முன் மேலே உள்ள கடிதத்தை அனுப்பிப் பாருங்கள்.

என் கணவர் வேலையை விட்ட சில வாரத்தில் இறந்துவிட்டார். அவருக்கு வர வேண்டியதை நான் கேட்கலாமா?

கேட்கலாம், அம்மா. பாக்கி ஊதியம் அவர் நாமினியாகக் குறிப்பிட்டவருக்குப் போக வேண்டும். நாமினி இல்லையென்றால் நிறுவனம் அந்தத் தொகையை உரிய அதிகாரியிடம் கட்ட வேண்டும், அவர் விசாரித்து வாரிசுகளிடம் தருவார். வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு நிபந்தனை பொருந்தாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல், அவர் வேலை பார்த்ததற்கான ஏதாவது ஓர் ஆதாரம் இவற்றோடு முதலில் நிறுவனத்துக்கும், பதில் வராவிட்டால் தொழிலாளர் உதவி ஆணையருக்கும் மனு கொடுங்கள். பி.எஃப். பணத்தோடு விதவை ஓய்வூதியமும், காப்பீட்டுத் தொகையும் உங்களுக்கு வரக்கூடும்; மூன்றுக்கும் சேர்த்து பி.எஃப். அலுவலகத்தில் கேளுங்கள்.